சபையே சக நடிகன்
(பார்வையாளர் பங்கேற்கும் ஓராள் நாடகத்துக்குத் தேர்வு கொடுப்பது எப்படி?)

நடிகர் தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன், நெட்டுருப் போட்ட வசனம் ஒன்றை, மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மூன்று நான்கு பேருக்கு முன் நின்று ஒப்புவித்துவிட்டு, அவர்கள் முகத்தில் ஏதாவது சலனம் தென்படுகிறதா என்று ஓரக்கண்ணால் நோக்கியபடியே விடைபெற்று வரும் காட்சிதான் நம்மில் பலருக்கு நினைவில் எழுகிறது. இந்நூலின் முந்தைய அத்தியாயங்களில் குரலைப் பேணுவது, வசனத்தைப் பாடம் பண்ணுவது, சபாகம்பமின்றி நிற்பது ஆகியவற்றைப் பற்றிச் சொன்னவை அத்தகைய தேர்வுக்கு உதவக்கூடியவை. ஆனால் மேடையில் ஒரே ஒரு நடிகர் நின்று, மற்றப் பாத்திரங்களையெல்லாம் நாடகம் பார்க்க வந்தவர்களைக் கொண்டே நடத்திச் செல்லும் நாடகத்துக்குத் தேர்வு கொடுக்கப் போகிறவர், அந்தப் பழக்கங்களில் சிலவற்றை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இவ்வகை நாடகத்தின் இயல்பு

பள்ளி ஆண்டு விழாக்களில் நடக்கும் மோனோ ஆக்டிங் போட்டியை நாம் அறிவோம். அதில் சிறுவன் ஒருவனே அரசனாகவும் அமைச்சனாகவும் காவலனாகவும் மாறி மாறிப் பேசுவான். பார்ப்பவர்கள் கைதட்டுவதோடு சரி. நாம் இங்கே கருதும் நாடகத்தில் அமைச்சன் மூன்றாம் வரிசையில், இரவல் வாங்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு அப்படியொரு பதவி வரப்போகிறது என்பதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பிரதி கிடையாது, ஒத்திகை கிடையாது, அவர் என்ன சொல்வார் என்பது நடிகருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது.

சபையோரைக் கதைக்குள் இழுக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கேரளத்துக் கூத்தம்பலங்களில் சாக்கியார் கூத்து நிகழ்த்துபவர், புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, எதிரே அமர்ந்திருப்பவர் ஒருவரைச் சுட்டி, அவரையே கதாபாத்திரமாகப் பாவித்து எள்ளி நகையாடும் உரிமை பெற்றவர். ஆனால் சபையோர் அதற்கு மறுமொழி கூறுவது மரபன்று. மறுமொழி வந்துகொண்டே இருக்கும் சபையில் ஒருவர் எப்படி நிலைகுலையாமல் நிற்பது என்பதை அறிய வேண்டுமானால், நாம் அவதானக் கலையைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்துகாட்டிய செய்குத்தம்பிப் பாவலரைப் போன்றவர்கள், ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்க, ஒருவர் கணக்குக் கேட்க, ஒருவர் மணியடிக்க, ஒருவர் முதுகில் கல்லெறிய, அத்தனையையும் உள்வாங்கிக்கொண்டு, எடுத்த பொருளையும் கைநழுவ விடாமல் முடித்துக் காட்டியவர்கள். அவர்களிடம் நினைவாற்றல் இருந்தது என்று நாம் வியக்கிறோம். அதற்கும் முன்னதாக, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் செவி கொடுக்கும் ஆற்றல் இருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. தேர்வுக் குழுவினர் உங்களிடம் தேடுவது பெரும்பாலும் அந்தச் செவியைத்தான்.

இவ்வகைக்கு இன்று உலகறிந்த உதாரணம் ‘எவ்ரி பிரில்லியன்ட் திங்’ என்ற ஆங்கில நாடகம். டங்கன் மாக்மில்லன், ஜானி டோனஹோ என்பாரோடு சேர்ந்து எழுதிய இந்நாடகம் 2013-இல் இங்கிலாந்தின் லட்லோ நகரத்து விழாவில் அரங்கேறி, மறு ஆண்டு எடின்பரோ விழாவுக்கும், அதன்பின் நியூயார்க்கின் பேரோ ஸ்ட்ரீட் தியேட்டருக்கும் சென்று, அங்கேயே படமாக்கப்பட்டு, 2016-இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. முதன்முதலில் நடித்த டோனஹோ, சபையோடு நேருக்கு நேர் பேசிப் பழகிய நகைச்சுவைக் கலைஞர் என்பது ஈண்டு கருதத் தக்கது. ஏழு வயதுக் குழந்தை, தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் இருக்கும் தன் தாய்க்காக, வாழ்வதற்குக் காரணமாகக் கூடிய இனிய பொருள்களையெல்லாம் பட்டியலிடத் தொடங்குகிறது. முதல் இலக்கம் ஐஸ்கிரீம். குழந்தை வளர வளரப் பட்டியலும் வளர்ந்து, பத்து லட்சத்தை எட்டுகிறது. கதை சொல்பவர் ஆணாகவோ பெண்ணாகவோ, எந்த வயதினராகவோ, எந்த இனத்தவராகவோ இருக்கலாம் என்றும், நாடகம் எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டிலேயே கதை நிகழ்வதாக அமைய வேண்டும் என்றும் ஆசிரியர் விதித்திருப்பதால், பல நாட்டு நடிகர்களும் இதற்குத் தேர்வு கொடுக்கும் வாய்ப்புப் பெற்றிருக்கிறார்கள். ஆகவே இந்நாடகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பிரதியைப் படிக்கும் முறை

தேர்வுக்கு அழைப்பவர்கள் வழக்கமாக இரண்டு மூன்று பகுதிகளை மட்டும் அனுப்புவார்கள். அவற்றை மட்டும் படித்துவிட்டுச் செல்வது, கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது மட்டும் தலைகாட்டுவது போலாகும். முழு நாடகத்தையும் படியுங்கள். படிக்கும்போது, நடிகருக்கு எழுதப்பட்ட வசனங்களைக் காட்டிலும், சபையோருக்கு ஒதுக்கப்பட்ட இடங்களைக் கூர்ந்து கவனியுங்கள். அவ்வாறு கவனிப்பவர்களுக்கு ஆசிரியர் கட்டியிருக்கும் படிக்கட்டு ஒன்று புலப்படும்.

சபையோர் உள்ளே வந்து அமரும்போதே நடிகர் அவர்களிடையே உலாவி, பேசிச் சிரித்து, பட்டியலின் இலக்கங்கள் எழுதிய துண்டுச் சீட்டுகளைக் கொடுக்கிறார். பிறகு அவர் இலக்கத்தைக் கூறும்போது, சீட்டு வைத்திருப்பவர் அதில் உள்ளதை உரக்கப் படித்தால் போதும். இது முதற்படி. அடுத்து, நோயுற்ற நாயை வலியின்றி மரிக்கச் செய்யும் கால்நடை மருத்துவராக ஒருவர் அழைக்கப்படுகிறார். யாரோ ஒருவருடைய மேலங்கி நாயாகிறது, ஒரு பேனா ஊசியாகிறது, அவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பேனாவைக் கொண்டு ஒரு செய்கை மட்டுமே. பின்னர் நடிகர் தந்தையாகிவிட, சபையில் ஒருவர் குழந்தையாகி, ‘ஏன்?’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அதற்கும் பின், பள்ளி ஆலோசகராக வரும் ஒருவர் தம் காலுறையைக் கழற்றிக் கையில் மாட்டி, அதைப் பேசும் பொம்மையாக்கிக் குழந்தையோடு உரையாட வேண்டியிருக்கிறது. நாடகம் பெரும்பகுதி நடந்தேறிய பிறகுதான், தந்தையாகக் கருதப்பட்ட ஒருவரை எழுப்பி, திருமண விருந்தில் வாழ்த்துரை வழங்குமாறு கேட்கிறார்கள்.

ஒரு சீட்டைப் படித்தல், ஒரு செய்கை, ஒரு சொல், ஒரு குரல், ஒரு சொற்பொழிவு என்று இந்த வேலைகள் எப்படிச் சிறிது சிறிதாகப் பெருகுகின்றன என்று பாருங்கள். தொடக்கத்தில் கொடுக்கப்படும் வேலை, எவராலும் தவறாகச் செய்ய முடியாத அளவுக்குச் சிறியது. அதைச் செய்து முடித்து, யாரும் கேலி செய்யவில்லை என்று கண்டுகொண்ட பின்னரே சபைக்கு அடுத்த வேலைக்கான துணிச்சல் உண்டாகிறது. இந்த நியதியை உணராத நடிகர், தேர்வு அறைக்குள் நுழைந்த முதல் நிமிஷத்திலேயே எதிரே இருப்பவரைப் பிடித்து இழுத்து ஆடச் சொல்வார். உணர்ந்தவரோ, முதலில் ஒரு துண்டுச் சீட்டைத்தான் நீட்டுவார்.

உங்களுக்கு அனுப்பப்பட்ட பகுதிகளில், மாறாத வசனம் எங்கே முடிகிறது, அந்நியர் பேசும் இடம் எங்கே தொடங்குகிறது, மறுபடியும் எந்த வாக்கியத்தில் கதையின் நூல் உங்கள் கைக்கு வருகிறது என்பவற்றைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது இடம் உயிர்நிலையானது. எதிரே இருப்பவர் எத்திசையில் ஓடினாலும், நீங்கள் திரும்பி வந்து சேர வேண்டிய வாக்கியம் அதுவே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் வரும்படி அதைப் பாடம் பண்ணிவிடுங்கள்.

வீட்டில் ஒத்திகை

கண்ணாடியின் முன் நின்று ஒத்திகை பார்ப்பது இதற்கு உதவாது. கண்ணாடி ஒருபோதும் குறுக்கே பேசாது. நாடகத் தோழர்களை அழைப்பதும் அவ்வளவு உசிதமன்று. உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு அவர்களும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தங்கை ஆகியோரிடம் பத்து நிமிஷம் கேட்டுப் பெறுங்கள். அவர்களுக்குக் கதையை முன்கூட்டிச் சொல்லிவிடாமல், “ஐயா, இந்தப் பேனாவைச் சற்றுப் பிடித்துக்கொள்கிறீர்களா?” என்று தொடங்குங்கள். பெரியவர் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்பார். அந்தக் கணத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் ஒத்திகை.

இந்தப் பயிற்சியில் மூன்று விஷயங்கள் தெளிவாகும். ஒரு தடவைக்கு ஒரு வேலையைத்தான் சொல்ல வேண்டும். எழுந்து வந்து, பேனாவை வாங்கி, மண்டியிட்டு, நாயைத் தடவிக் கொடுங்கள் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் திகைத்து நிற்பார். இரண்டாவதாக, அவர் மெல்லிய குரலில் சொன்னதை நீங்கள் உரக்கத் திரும்பச் சொன்னால்தான் மற்றவர்கள் கதையைத் தொடர முடியும். அதைத் திருத்துவது போலல்லாமல், கேட்டதில் மகிழ்ந்து சொல்வது போலச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, வேலை முடிந்துவிட்டது என்பதை அவருக்குத் தெளிவாக அறிவித்து, நன்றி கூறி, இருக்கை வரை அனுப்பி வைக்க வேண்டும். இல்லையேல் அவர் நாடகம் முடியும் வரை பேனாவும் கையுமாக நின்றுகொண்டிருப்பார்.

தேர்வு அறையில்

உள்ளே நுழைந்து வணக்கம் கூறியதும் கேட்க வேண்டிய முதற் கேள்வி: “இங்கே இருப்பவர்களில் யாரோடு நான் பேசி நடிக்கலாம்?” சில குழுக்கள் உதவியாளர் ஒருவரை அதற்கென்றே அமர்த்தியிருக்கும், சில, மற்றப் போட்டியாளர்களையே சபையாக உட்கார வைக்கும், சில சமயம் இயக்குநரே பேனாவை வாங்கிக்கொள்வார். அனுமதி பெறாமல் குறிப்பெழுதிக்கொண்டிருப்பவரின் மேஜை மேல் தாவி விழுவதைத் துணிச்சல் என்று எவரும் மெச்ச மாட்டார்கள். அனுமதி கிடைத்த பின்னும், ஒருவர் கையையோ தோளையோ தொடுவதற்கு முன் கண்ணாலோ சொல்லாலோ கேட்டுக்கொள்வது அவசியம்.

நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். இந்நாடகம் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்க, கூடுமானவரை வட்டமாக அமர்ந்த சபையின் நடுவே, எல்லோரும் எல்லோரையும் பார்க்கவும் கேட்கவும் கூடியவாறு நடக்க வேண்டியது. ஆகையால் தேர்வு அறையில் நாற்காலிகள் ஒரே பக்கம் போடப்பட்டிருந்தாலும், ஒருவரிடம் பேசும்போது மற்றவர்களையும் அந்தப் பேச்சுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிலையில் நில்லுங்கள். அருகில் இருப்பவரிடம் நெருங்கி நின்று பேசினால் அது இருவரின் ரகசியமாகிவிடுகிறது. இரண்டடி பின்வாங்கிப் பேசினால், இடையில் இருப்பவர்கள் அனைவரும் அந்தச் சம்பாஷணைக்குச் சாட்சியாகிறார்கள்.

யாரை அழைப்பது என்ற தேர்வு உங்களிடம் விடப்பட்டால், அவசரப்படாதீர்கள். உங்கள் பார்வையைச் சந்தித்தவுடன் குனிந்து பைக்குள் எதையோ தேடுகிறவரை விட்டுவிடுங்கள். ‘என்னைக் கூப்பிடு’ என்று துடிக்கிறவரையும் பெரிய பொறுப்புக்கு அழைக்காதீர்கள், ஏனெனில் அவர் உங்கள் நாடகத்தை அல்ல, தம்முடைய நாடகத்தைத் தொடங்கிவிடக் கூடும். நிதானமாக உங்களைப் பார்த்து, நீங்கள் புன்னகைத்தால் தாமும் புன்னகைக்கிறவர் பெரும்பாலும் பொருத்தமானவர். அரங்கில் சீட்டுக் கொடுக்கும் அந்தப் பத்து நிமிஷமும் இந்தப் பரீட்சைக்குத்தான் பயன்படுகிறது. ஆகவே தேர்விலும் உங்களுக்கு அது வழங்கப்பட்டால், வெறும் சம்பிரதாயம் என்று எண்ணி ஓட்டமாக ஓடி முடித்துவிடாதீர்கள்.

எதிர்பாராதவை நேரும்போது

நீங்கள் இலக்கத்தைக் கூறுகிறீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அனுபவமற்ற நடிகர் அந்த மௌனத்தைக் கண்டு அஞ்சி, தாமே விடையையும் சொல்லிவிடுவார். இரண்டு மூச்சு விடும் நேரம் பொறுத்திருங்கள். சீட்டைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த அவகாசம் வேண்டும். அதன் பின்னும் குரல் வராவிட்டால், இலக்கத்தை முகமலர்ச்சியோடு மறுபடி கூறுங்கள். தவறான இலக்கத்துக்கு உரிய சீட்டை ஒருவர் படித்துவிட்டால், “அதுவும் பட்டியலில் இருக்கிறது, சற்று முந்திவிட்டது, அவ்வளவுதான்” என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

அழைக்கப்பட்டவர் வர மறுத்தால், அதை ஒரு நிகழ்ச்சியாகவே ஆக்காதீர்கள். “அதனாலென்ன அம்மா, நீங்கள் இங்கிருந்தே பாருங்கள்” என்று கூறிவிட்டு, அதே குரலில் அடுத்தவரிடம் செல்லுங்கள். இரண்டாம் முறை வற்புறுத்துவதும், மறுத்தவரைக் காட்டிச் சிரிப்பு வரவழைப்பதும் மன்னிக்க முடியாத பிழைகள். விருந்தினரின் உள்ளத்தை அனிச்ச மலரினும் மெல்லியதாகக் கண்டவர் வள்ளுவர். ஒருவர் முகம் வாடியதைப் பார்த்த சபை, அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் ஒப்படைக்காது.

வேடிக்கை பேசுகிறவர்தான் நடிகரின் குணத்தை வெளிப்படுத்துகிறவர். ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். கால்நடை மருத்துவராக அழைக்கப்பட்டவர், கையிலிருக்கும் பேனாவை உதறிப் பார்த்து, “மை தீர்ந்துவிட்டதே!” என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரைவிடச் சாமர்த்தியமான பதில் ஒன்றைச் சொல்லி மடக்கிவிட வேண்டும் என்ற ஆசை நடிகருக்கு எழுவது இயற்கை. அப்படி மடக்கினால் சிரிப்பு இரட்டிக்கும். ஆனால் நாய் செத்துப் போகாது, அது வெறும் மேலங்கியாகிவிடும். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மடியிலுள்ள மேலங்கியைத் தடவிக்கொண்டே, “அவசரமில்லை டாக்டர், நாங்கள் காத்திருக்கிறோம்” என்று குழந்தையின் குரலில் சொல்லிப் பாருங்கள். அவருடைய வேடிக்கை வீணாகவில்லை. அது கதைக்குள் வந்துவிட்டது. சிரித்தவர்களே அடுத்த கணம் மௌனமாகிறார்கள். இதைத்தான் சமயோசிதம் என்கிறோம். காட்சி முடிந்ததும், இரவல் வாங்கிய அந்த மேலங்கியைச் சுருட்டி எறியாமல், மடித்து உரியவரிடம் ஒப்படைப்பதையும் குழுவினர் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

துயரத்தைக் கையாளுதல்

இந்நாடகம் மனச்சோர்வையும் தற்கொலையையும் பற்றிப் பேசுவது. ஆயினும் அழுது நடிக்க வேண்டிய நாடகமன்று. கதை சொல்பவர், ஆண்டுகள் பல கடந்து, அடிபட்ட இடம் ஆறித் தழும்பேறிய நிலையில், நகைச்சுவையோடு நினைவுகூர்கிறார். தேர்வில் கண்ணீர் வடித்துக் காட்டுவதற்காகத் தம் சொந்த வாழ்வின் புண்களைக் கிளறிக்கொள்வது நடிகருக்கும் நல்லதன்று, நாடகத்துக்கும் உதவாது. தவிர, அரங்கில் அமர்ந்திருப்போரில் அத்தகைய துயரத்தை வீட்டிலேயே கண்டவர் எவரேனும் இருக்கக் கூடும் என்ற எண்ணம் ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் இருக்க வேண்டும். அவ்வசனங்களை நேராக, எளிமையாக, வேகத்தைக் கூட்டாமல், குரலைத் தாழ்த்தி மர்மமாக்காமல் சொல்லுங்கள். ‘ஏன்?’ என்று குழந்தை கேட்கும் காட்சியில் தந்தைக்கு விடை தெரியாமற் போவதை நடித்துக் காட்ட வேண்டியதில்லை. எதிரே இருப்பவரின் ஒரு சொல்லை உண்மையாகவே காதில் வாங்கினால் அந்தத் தடுமாற்றம் தானே வரும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

இயக்குநர் ஒரு பகுதியை வேறு விதமாகச் செய்யச் சொன்னால், முன்பு செய்தது பிழை என்று எண்ணிச் சோர்ந்துவிடாதீர்கள். புதிதாக ஒன்றைக் கேட்டு உடனே மாறிக்கொள்ள உங்களால் முடியுமா என்று பார்ப்பதற்காகவே அப்படிச் சொல்வது வழக்கம். தேர்வு முடிந்தபின் உங்களுக்கும் கேட்கும் உரிமை உண்டு: வாரத்துக்கு எத்தனை காட்சிகள்? உடல்நலம் குன்றினால் மாற்று நடிகர் உண்டா? சபையில் எவரேனும் மனங்கலங்கி வெளியேறினால் அவரைக் கவனிக்க வாசலில் யார் இருப்பார்கள்? ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக, திரை மறைவும் இடைவேளையும் இல்லாமல், பலதரப்பட்ட மனிதர்களின் மனநிலையைச் சுமந்து நிற்க வேண்டிய வேலை இது என்பதால், இக்கேள்விகளைக் கேட்பதில் சங்கோசப்பட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று உண்டு. ஈரானியரான நசீம் சொலைமான்பூர் எழுதிய ‘ஒயிட் ராபிட் ரெட் ராபிட்’ என்ற நாடகத்தில், ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நடிகர் மேடையேறி, அதுவரை தாம் பார்த்தேயிராத பிரதியை உறையிலிருந்து எடுத்துப் பிரித்து, சபையோடு சேர்ந்து முதன்முறையாகப் படிக்கிறார்; இயக்குநரும் இல்லை, ஒத்திகையும் இல்லை. அங்கே நடிகர் தம் சாமர்த்தியத்தை ஆயத்தம் செய்துகொண்டு வர இயலாது. தம் சுபாவத்தை மட்டுமே கொண்டுவர முடியும். ஆயத்தம் செய்துகொள்ள அவகாசம் கிடைத்த நாமும், கடைசியில் தேர்வு அறைக்குள் எடுத்துச் செல்வது பெரும்பாலும் அதைத்தான்.

ஆகவே, உங்களுக்கு எதிரே அமர்ந்து டாக்டராகவோ குழந்தையாகவோ நடித்துக்கொடுத்த அந்த உதவியாளரின் பெயரைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியேறும்போது, இயக்குநரிடம் விடைபெறுவதற்கு முன்னால், அந்தப் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள்.